மங்கையர் எழுப்பிய மனை



யூபிலி மலர் என்றால் ஆலயத்தின் வரலாறும், பணியாற்றிய குருக்களின் பட்டியலும், நன்கொடையாளர்களின் பெயர்களும் இடம்பெறுவது முறை. அவற்றை இம்மலரின் மற்றப் பக்கங்களில் காண்பீர்கள். நாம் இங்கே எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. வீடில்லாத ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டித் தருவதற்காகப் பெண்கள் தாமே சுத்தியலும் ரம்பமும் ஏந்தி நின்ற வரலாறு அது. நடந்தது கடல் கடந்த நாட்டில். தொடங்கியவர்கள் நம் திருச்சபையைச் சேராத கிறிஸ்தவச் சகோதரர்கள். ஆயினும் யூபிலி கொண்டாடும் நமக்கு அதில் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு என்று நம்புகின்றோம்.

யூபிலியும் வீடும்

யூபிலி என்னும் சொல்லை நமக்குத் தந்தது பழைய ஏற்பாட்டின் லேவியர் நூல். அதன் 25ஆம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படிப்போர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கின்றது. அங்கே கொடியேற்றம் இல்லை, தேர்ப்பவனி இல்லை, விருந்தும் இல்லை. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் முழங்கியதும் விற்ற நிலம் பழைய குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். கடனுக்காகத் தன்னையே விற்றவன் தன் வீட்டாரிடம் போய்ச் சேர வேண்டும். மதில் சூழ்ந்த நகரத்து வீட்டை விற்றவன் ஓராண்டுக்குள் அதை மீட்டுக்கொள்ளலாம். தவறினால் அது வாங்கியவனுக்கே நிலைத்துவிடும். மதில் இல்லாத சிற்றூர் வீடோ யூபிலியில் உரியவனிடம் திரும்பியே ஆக வேண்டும். நொடித்துப்போன சகோதரனிடம் வட்டி வாங்குவது ஆகாது. ஆக, யூபிலி என்பது முதன்முதலில் நிலமும் வீடும் கடனும் பற்றிய சட்டமாகவே இருந்தது.

கட்டும் வேலையில் பெண்களுக்குப் பங்கு உண்டா என்று கேட்பவர்களுக்கும் மறைநூலில் விடை இருக்கின்றது. நெகேமியாவின் காலத்தில் இடிந்து கிடந்த எருசலேமின் மதில் 52 நாள்களில் எடுத்துக் கட்டப்பட்டது. யார் யார் எந்தெந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்ற பட்டியலை நெகேமியா நூலின் 3ஆம் அதிகாரம் தருகின்றது. குருக்கள், பொற்கொல்லர், தைலம் செய்வோர், வணிகர் என்று அப்பட்டியல் நீள்கின்றது. அதன் 12ஆம் வசனத்தில் சல்லூம் என்ற மாவட்டத் தலைவரும் அவருடைய புதல்வியரும் தங்கள் பகுதியைக் கட்டினார்கள் என்று எழுதப்பட்டிருக்கின்றது. அப்பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. ஆனால் அவர்கள் கட்டினார்கள் என்பதை மறைநூல் மறக்கவில்லை.

ஒரு பண்ணையில் விழுந்த விதை

ஐக்கிய அமெரிக்காவின் தென்பகுதியில் ஜார்ஜியா என்றொரு மாநிலம் உண்டு. பருத்தியும் நிலக்கடலையும் விளையும் செம்மண் பூமி. அங்கே அமெரிக்கஸ் என்னும் சிற்றூருக்கு அருகில் 1942ஆம் ஆண்டில் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற பாப்டிஸ்ட் போதகரும், அவருடைய மனைவி ஃபுளாரன்சும், இங்கிலண்ட் என்ற குடும்பத்தாரும் சேர்ந்து 440 ஏக்கரில் ஒரு பண்ணை தொடங்கினார்கள். அதற்குக் கொய்னோனியா என்று பெயர் வைத்தார்கள். திருத்தூதர் பணிகள் நூலில் முதற் கிறிஸ்தவர்கள் உடைமைகளைப் பொதுவாக வைத்து வாழ்ந்த தோழமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஜோர்டன் வேளாண்மையில் பட்டம் பெற்றவர். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் முனைவர் பட்டமும் பெற்றவர். கலப்பையும் மறைநூலும் ஒரே கையில் இருந்தன எனில் மிகையாகாது.

அந்தப் பண்ணையில் வெள்ளையரும் கறுப்பினத்தாரும் ஒரே மேசையில் அமர்ந்து உண்டார்கள். அந்நாளில் அந்நாட்டின் தென்பகுதியில் அது பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. 1950களில் ஊரார் அவர்களோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தினார்கள். அவர்களுடைய சாலையோரக் கடைக்கு வெடி வைத்தார்கள். வீடுகளை நோக்கிச் சுட்டார்கள். விளைந்த பொருளை உள்ளூரில் வாங்குவார் இல்லை. ஆகவே பிக்கான் என்னும் பருப்பைத் தபால் மூலம் தொலைதூரங்களுக்கு அனுப்பி விற்று அப்பண்ணை பிழைத்தது.

அங்கே 1965இல் வந்து சேர்ந்தார்கள் மில்லர்ட் ஃபுல்லரும் அவருடைய மனைவி லிண்டாவும். ஃபுல்லர் ஒரு வழக்கறிஞர். வணிகத்தில் இறங்கி 29 வயதிலேயே பத்து லட்சம் டாலர் சேர்த்தவர். பணம் பெருகியது, குடும்பம் குலைந்தது. மனைவி அவரைப் பிரிந்து சென்றார். இருவரும் மீண்டும் கூடியபோது, சொத்தை விற்றுக் கொடுத்துவிட்டுப் புதுவாழ்வு தொடங்குவது என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவோடுதான் கொய்னோனியாவின் வாயிலை மிதித்தார்கள்.

வட்டியில்லாக் கடன்

பண்ணையைச் சுற்றி வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள் பல, ஒழுகும் கூரையும் விரிசல் விட்ட பலகைச் சுவருமான குடிசைகளில் இருந்தன. வங்கிகள் அவர்களுக்குக் கடன் தருவதில்லை. 1968இல் ஜோர்டனும் ஃபுல்லரும் ஒரு திட்டம் வகுத்தார்கள். அரை ஏக்கர் அளவில் 42 மனைகள் பிரிக்கப்பட்டன. நன்கொடைகளைத் திரட்டி ஒரு பொது நிதி அமைக்கப்பட்டது. அந்நிதியிலிருந்து வீடு கட்டி, ஆன செலவுக்கே அதைக் குடும்பத்துக்கு விற்பது, லாபம் இல்லை, வட்டியும் இல்லை, 20 ஆண்டுகளில் மாதத் தவணையாகத் திருப்பிக் கட்டலாம். ஏழையிடம் வட்டி வாங்காதே என்னும் விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரக் கட்டளையை அவர்கள் எழுத்துப்படியே எடுத்துக்கொண்டார்கள். திரும்பி வரும் தவணைப் பணம் அடுத்த குடும்பத்தின் வீட்டுக்குச் செங்கல்லாகும்.

முதல் வீடு முடிவதற்குள் 1969 அக்டோபரில் ஜோர்டன் காலமானார். வேலை நிற்கவில்லை. ஃபுல்லர் குடும்பத்தார் 1973இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டிலுள்ள, இன்றைய காங்கோவிலுள்ள, ம்பண்டாக்கா நகருக்குச் சென்று அங்கும் இதே முறையில் வீடுகள் எழுப்பினார்கள். திரும்பி வந்து 1976இல் இவ்வேலையை ஓர் இயக்கமாக அமைத்தார்கள். ஹேபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி என்பது அதன் பெயர். மனிதகுலத்துக்கு வாழிடம் என்பது பொருள்.

இவ்வியக்கத்தின் விதிகளில் ஒன்றை நம் வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகின்றோம். வீடு பெறும் குடும்பம் பணத் தவணை கட்டுவதோடு, தன் வீட்டுக்கும் பிறர் வீட்டுக்கும் உடலுழைப்பும் தர வேண்டும். எத்தனை மணி நேரம் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். சில நூறு மணி நேரம் என்று கொள்ளலாம். வியர்வையை முதலீடாகக் கணக்கில் எழுதும் முறை இது. பெறுபவர் தலைகுனிய வேண்டியதில்லை. கொடுப்பவர் தலைநிமிர இடமும் இல்லை. இருவரும் ஒரே சாரத்தில் நிற்கிறார்கள்.

பெண்கள் நின்ற இடம்

இத்தகைய அன்புப் பணியிலும் ஒரு குறை இருந்தது. வீடு கட்டும் களத்துக்குப் பெண்கள் ஆரம்பம் முதலே வந்தார்கள். ஆனால் சுத்தியலும் ரம்பமும் பெரும்பாலும் ஆண்களின் கையிலேயே இருந்தன. பெண்கள் மதிய உணவு கொண்டுவந்தார்கள், மரத்தூளைக் கூட்டினார்கள், கடைசியில் வண்ணம் பூசினார்கள். யாரும் அவர்களைத் தடுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. வேலை தெரிந்தவர் கையில் கருவியைக் கொடுப்பது களத்தின் வழக்கம். தெரியாதவர் கையில் துடைப்பத்தைக் கொடுப்பார்கள். துடைப்பம் பிடித்தவர் அன்று மாலை வீடு திரும்பும்போதும் வேலை தெரியாதவராகவே திரும்புவார். மறுநாளும் அவருக்குத் துடைப்பமே கிடைக்கும். இவ்வாறு தீய எண்ணம் ஏதுமின்றியே ஒரு கதவு மூடிக்கிடந்தது.

அந்நாட்டின் கட்டுமானத் தொழில் முழுவதுமே அப்படித்தான் இருந்தது. ஜிம்மி கார்ட்டர் குடியரசுத் தலைவராக இருந்த 1978ஆம் ஆண்டில், அரசுப் பணம் பெறும் கட்டுமான ஒப்பந்தக்காரர்கள் பெண்களுக்கும் வேலை தர முயல வேண்டும் என்று இலக்கு விதிக்கப்பட்டது. மொத்த வேலை நேரத்தில் முதலாண்டில் 3.1 விழுக்காடு, அடுத்த ஆண்டில் 5, மூன்றாம் ஆண்டில் 6.9 விழுக்காடு என்பது அதன் கணக்கு. நூற்றுக்கு ஏழு கூட இல்லாத அந்தச் சிறிய இலக்கும் எட்டப்படவில்லை. இன்றும் அந்நாட்டில் கருவி ஏந்தும் கட்டுமானத் தொழிலாளரில் பெண்கள் நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேரே.

பதவியிலிருந்து இறங்கிய கார்ட்டரும் அவருடைய மனைவி ரோசலின் அம்மையாரும் 1984இல் ஹேபிடாட் தொண்டர்களோடு ஜார்ஜியாவிலிருந்து பேருந்து ஏறி நியூயார்க் நகருக்குச் சென்றார்கள். கீழ்க்கிழக்குப் பகுதியில் பாழடைந்து கிடந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை 19 குடும்பங்கள் வாழத்தக்கதாகச் சீரமைக்கும் வேலை அது. ஒரு நாட்டின் தலைவராக இருந்தவர் தச்சராக நின்றதை உலகச் செய்தித்தாள்கள் எழுதின. அவரோடு ரோசலின் அம்மையாரும் வேலை செய்தார் என்பதைப் பலரும் ஓரமாகவே எழுதினார்கள். அதன்பின் ஆண்டுதோறும் ஒரு வாரம் இருவரும் களத்தில் நின்றார்கள். 1987இல் வட கரோலினா மாநிலத்தின் சார்லட் நகரில் அவ்வாறு 14 வீடுகள் எழுந்தன. இந்தச் சார்லட் நகரம்தான் நம் வரலாற்றின் மையம்.

சார்லட் நகரில் 1991

1991ஆம் ஆண்டு அந்நகரில் பெண்கள் ஒன்றுகூடி, ஒரு வீட்டை நாமே கட்டுவோம் என்று துணிந்தார்கள். இயக்கத்தின் வரலாற்றில் முழுக்கப் பெண்களால் எழுப்பப்பட்ட முதல் வீடு என்ற பெயரை அது பெற்றது. ரோசலின் கார்ட்டர் அம்மையாரும் அதில் பங்குகொண்டார்.

அவர்கள் ஆண்களை வெறுத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. கற்றுக்கொள்வதற்கு இடம் வேண்டும் என்பதே அவர்களின் நோக்கம். துடைப்பத்தை வாங்கிக்கொள்ளச் சொல்ல அங்கே யாரும் இல்லை. வேலை தெரிந்த பெண் தெரியாத பெண்ணுக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஆணி வளைந்தால் சிரிப்பார் இல்லை. பிடுங்கிவிட்டு இன்னொன்று அடிக்கலாம். பிழை செய்யும் உரிமை கிடைத்த இடத்தில்தான் யாரும் தொழில் கற்கிறார்கள். நம் வீடுகளில் பெண்பிள்ளை சமையல் கற்றதும், ஆண்பிள்ளை சைக்கிள் கற்றதும் அப்படித்தானே!

அந்நாட்டின் வீடுகள் நம்முடையவை போலச் செங்கல்லும் சாந்துமாய் எழுவதில்லை. கான்கிரீட் கடைக்காலின் மீது மரச் சட்டங்களால் எலும்புக்கூடு போல ஒன்றை நிறுத்துவார்கள். 16 அங்குலத்துக்கு ஒன்றாகச் சட்டங்களைத் தரையில் கிடத்தி ஆணியடித்து, ஒரு சுவர் முழுவதையும் படுத்த நிலையிலேயே முடித்துவிடுவார்கள். பிறகு வரிசையாக நின்று ஒரே குரலில் அதைத் தூக்கி நிறுத்துவார்கள். ஒருவரால் ஆகாத வேலை அது. பத்துப் பேர் சேர்ந்தால் எளிது. சுவர்கள் நின்றதும் முக்கோண வடிவான கூரைச் சட்டங்கள் ஏறும். அதன்மேல் பலகை, அதன்மேல் ஓடு போன்ற தகடுகள். உட்புறம் குளிர் தாங்கும் பஞ்சுப் பொதி வைத்து அட்டைப் பலகையால் மூடிப் பூசுவார்கள். மின் இணைப்பும் குழாய் வேலையும் உரிமம் பெற்றவர்களால் செய்யப்படும்.

சுத்தியலைப் பிடிப்பதிலேயே ஒரு பாடம் உண்டு. புதியவர்கள் பயத்தில் அதன் கழுத்தருகே பிடிப்பார்கள், அடி வலுவிழக்கும், கையும் விரைவில் ஓயும். பிடியின் நுனியில் பிடித்துத் தோளிலிருந்து வீசினால் சுத்தியலின் எடையே வேலையைச் செய்துவிடும். தோள் வலு குறைவு என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு இது எத்தகைய விடுதலை! வலுவைவிட முறையே பெரிது என்று அங்கே கண்டுகொண்டார்கள். ரசமட்டம் பார்ப்பதற்கும் மூலைமட்டம் வைப்பதற்கும் ஆணென்ன, பெண்ணென்ன? கண்ணும் கவனமும் போதும்.

சாவி யார் கையில்?

இவ்வியக்கத்தின் வீடுகளுக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள் பலவற்றில் தாயே குடும்பத் தலைவி. கணவரை இழந்தோ பிரிந்தோ, கிடைத்த கூலியில் பிள்ளைகளை வளர்ப்பவர்கள். சம்பளத்தில் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடும். வீட்டுக்காரர் சொன்னால் ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் ஆண்டுக்கொரு பள்ளி மாற வேண்டும். அத்தகைய ஒரு தாய் தன் வியர்வைக் கணக்குக்காகக் களத்துக்கு வரும்போது, அங்கே சட்டம் அறுப்பவரும் கூரை ஏறுபவரும் தன்னைப் போன்ற பெண்களாக இருப்பதைக் காண்கின்றார். ஒழுகும் குழாயைச் சரிசெய்யவும், கழன்ற கீலைப் பூட்டவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்ற துணிவு அவருக்குப் பிறக்கின்றது. வீட்டோடு சேர்ந்து அந்தத் துணிவையும் அவர் பெற்றுக்கொள்கிறார்.

வேலை முடிந்ததும் ஒரு சிறு வழிபாடு நடைபெறும். கட்டியவர்களும் அயலாரும் கூடி நிற்க, சாவியும் மறைநூலும் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்படும். நம் பங்குகளில் வீடு மந்திரிக்கும் சடங்கை இது நினைவூட்டுகின்றது. அன்று முதல் அவர்கள் தவணை கட்டத் தொடங்குவார்கள். அந்தத் தவணை முன்பின் அறியாத இன்னொரு தாயின் வீட்டுக்குப் போய்ச் சேரும்.

சார்லட் நகரில் கற்ற பெண்களில் சிலர் பிற ஊர்களுக்கும் சென்று உதவினார்கள். 1998இல் இயக்கம் பெண்கள் கட்டும் வீடுகளுக்கென்றே ஒரு தனிப் பிரிவை அமைத்தது. 2008 முதல் அந்நாட்டில் அன்னையர் தினத்தை ஒட்டிய வாரத்தைப் பெண்கள் வீடு கட்டும் வாரமாகக் கடைப்பிடித்தார்கள்.

இதைப் பற்றி மாற்றுக் கருத்து கூறியவர்களும் உண்டு. ஒரு நாள் தொண்டு செய்வதால் ஒருத்தி தச்சராகிவிடுவாளா, இது பொழுதுபோக்கு ஆகிவிடாதா, என்று அவர்கள் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. தொண்டாகச் சுத்தியல் பிடித்த பெண்கள் ஆயிரக்கணக்கில் பெருகிய பிறகும், கூலிக்குச் சுத்தியல் பிடிக்கும் பெண்கள் நூற்றுக்கு நான்கு பேரே என்பதை மேலே கண்டோம். தொண்டினால் வீடு கிடைக்கும். தொழிலில் இடம் கிடைக்க வேறு முயற்சியும் வேண்டும். இந்த உண்மையை மறைக்காமல் சொல்வதே நேர்மை.

நம் நாட்டில்

ஹேபிடாட் இயக்கம் 1983இல் ஆந்திரத்தின் கம்மம் நகரில் இந்தியப் பணியைத் தொடங்கியது. அந்நகர் இன்று தெலங்கானாவில் இருக்கின்றது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கடற்கரைகளை அழித்தபோது தமிழ்நாட்டிலும் வீடுகள் கட்டித் தந்தது. 2006இல் கார்ட்டர் தம்பதியர் மராட்டிய மாநிலத்தின் லோனாவ்லா அருகே வந்து, தொண்டர்கள் சூழ 100 வீடுகள் எழுப்பும் பணியில் ஈடுபட்டார்கள். கார்ட்டரின் தாயார் லிலியன் அம்மையார் 1966இல், தமது 68ஆம் வயதில், அமைதிப் படைத் தொண்டராக இந்தியா வந்து, பம்பாயின் விக்ரோலியில் செவிலியாகப் பணிபுரிந்தவர் என்பதை ஈண்டு குறிப்பிடுவது பொருத்தமாகும். மகனும் மருமகளும் ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தில் கொத்துக் கரண்டி பிடித்தார்கள். 2019 வரை இருவரும் இத்தொண்டைக் கைவிடவில்லை. 14 நாடுகளில் 4,000க்கும் மேற்பட்ட வீடுகள் அவர்கள் முன்னின்ற முகாம்களில் எழுந்தன அல்லது சீரமைக்கப்பட்டன. ரோசலின் அம்மையார் 2023இலும், கார்ட்டர் தமது 100ஆம் வயதில் 2024இலும் இறைவனடி சேர்ந்தார்கள்.

இனி நம் பக்கம் திரும்புவோம். அமெரிக்காவில் கட்டுமானக் களத்தில் பெண்களைக் காண்பது அரிது. நம் நாட்டிலோ பெண் இல்லாத களத்தைக் காண்பது அரிது. சும்மாட்டின் மேல் எட்டுச் செங்கல், பத்துச் செங்கல் அடுக்கிக்கொண்டு, ஆடும் சாரப் பலகையில் ஏறும் சித்தாள் பெண்ணைக் காணாதார் நம்மில் யார்? மணல் சலிப்பவள் அவள். சாந்து குழைப்பவள் அவள். சட்டி சட்டியாய்க் கலவை சுமப்பவள் அவள். அமெரிக்கச் சகோதரிகள் வலுவில்லை என்று ஒதுக்கப்பட்டார்கள். நம் சகோதரிகளின் வலுவில் ஒருவரும் ஐயம் கொள்வதில்லை. பாரமான வேலையெல்லாம் அவர்களுக்கே.

ஆனால் கரண்டி? அது கொத்தனார் கையில். சித்தாளாக வரும் இளைஞன் சில ஆண்டுகளில் கரண்டி பிடிக்கக் கற்று, கொத்தனாராகி, கூடுதல் கூலி பெறுகின்றான். அதே நாளில் அதே களத்துக்கு வந்த பெண் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் சித்தாளாகவே இருக்கின்றாள். இடுப்பு ஒடிந்த பிறகு அந்த வேலையும் இல்லை. அங்கே களத்துக்கு வெளியே நின்ற கதவு இங்கே களத்துக்கு நடுவிலேயே நிற்கின்றது. சார்லட் நகரின் பாடம் நமக்குப் பொருந்துவது இந்த இடத்தில்தான். கருவி தெரிந்தவர்க்கே கருவி என்றால், தெரியாதவர் என்றும் தெரியாதவரே.

இதை மாற்றலாம் என்பதற்கு அண்டை மாநிலமே சான்று. கேரளத்தில் 1998 மே திங்களில் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ இயக்கத்தில் பெண்கள் கட்டுமானக் குழுக்களாக அமைந்து பயிற்சி பெற்று, ஏழைகளுக்கான அரசு வீடுகளைத் தாமே கட்டி முடித்திருக்கின்றார்கள். கடைக்கால் முதல் மேல்தளம் வரை அவர்கள் கைப்பட எழுந்த வீடுகள் அவை. அங்கே அது தொண்டு மட்டுமன்று, தொழிலும் ஆயிற்று. சார்லட் பெண்களால் முழுமையாக எட்ட முடியாத படியை மலையாளச் சகோதரிகள் எட்டிவிட்டார்கள் என்றே சொல்லலாம்.

நாம் செய்யத்தக்கது

திருச்சபையின் போதனையும் இதற்கு அரண் செய்கின்றது. திருத்தந்தை 23ஆம் யோவான் 1963இல் வெளியிட்ட அவனியில் அமைதி என்னும் சுற்றுமடல், உணவையும் உடையையும் போல உறைவிடத்தையும் மனிதனின் உரிமையாக எண்ணுகின்றது. பெண்கள் தங்கள் மாண்பை உணர்ந்து எழுவதைக் காலத்தின் அறிகுறிகளுள் ஒன்றாகவும் அது காண்கின்றது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் தந்த கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏடு, கிறிஸ்தவர் அனைவரும் கைகோத்துப் போக்க வேண்டிய துன்பங்களைக் கூறுமிடத்தில் பசி, எழுத்தறியாமை, வறுமை ஆகியவற்றோடு வீடின்மையையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றது. ஆகவே பிற சபையார் தொடங்கிய நற்பணியிலிருந்து நாம் கற்பது நம் சங்கம் காட்டிய வழியே ஆகும்.

பங்கு மக்களே! நம் ஊர் ஆலயங்கள் பலவற்றில் தாய்மார்கள் மணலும் கல்லும் தலைச்சுமையாகச் சுமந்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கின்றோம். அவர்கள் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. யூபிலியை நினைவுகூர மண்டபமும் கெபியும் வளைவும் எழுப்புவது வழக்கம். அவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் லேவியர் நூல் சொன்ன யூபிலி, ஒரு குடும்பம் தன் வீட்டுக்குத் திரும்பும் நாள். மழைக்காலத்தில் பாத்திரங்களை ஒழுகலுக்கு வைத்துவிட்டு, பிள்ளைகளை மூலையில் படுக்கவைக்கும் கைம்பெண் ஒருத்தி எந்தப் பங்கிலும் உண்டு. அவளுக்கு ஒரு வீடு என்பது யூபிலிக்கு ஏற்ற காணிக்கை.

அவ்வீட்டை எழுப்பும்போது மூன்று காரியங்களை நினைவில் கொள்வோமாக. முதலாவது, அதைப் பிச்சையாகக் கொடாமல், அக்குடும்பமும் தன் உழைப்பைத் தந்து உரிமையோடு பெறும்படி செய்வோம். இரண்டாவது, பட்டாவும் பத்திரமும் அந்தத் தாயின் பெயரில் இருக்கட்டும். மூன்றாவது, நம் மாதா சபைச் சகோதரிகளும் இளம்பெண்களும் தேநீர் கொடுப்பதோடு நின்றுவிடாமல் சுவரில் கை வைக்கட்டும். அக்களத்தில் வேலை செய்யும் சித்தாள் பெண்களுள் விருப்பமுள்ள இருவருக்காவது மூத்த கொத்தனார் ஒருவர் கரண்டி பிடிக்கவும், நூல் கட்டவும், தூக்குக்குண்டு பார்க்கவும் பொறுமையோடு கற்றுக் கொடுக்கட்டும். முதல் வரிசை கோணலாகலாம். பிரித்துவிட்டு மீண்டும் வைக்கலாம். எந்தக் கொத்தனாரின் முதல் வரிசையும் நேராக இருந்ததில்லை.

ஒரு வீடு எழும். ஒரு குடும்பம் உறங்கும். அதோடு இரு பெண்கள் ஒரு தொழிலோடு அக்களத்தை விட்டு வெளியே வருவார்கள். அடுத்த வீட்டுக்கு அவர்களே கொத்தனார்கள். நாசரேத்தூரில் தச்சரின் இல்லத்தில் வாழ்ந்த நம் ஆண்டவர் அந்தக் கைகளை ஆசீர்வதிப்பாராக!